சொட்டு, மினிம், மில்லி: சிரிஞ்ச் அளவுகோலான கதை

இருபது சொட்டு என்றால் எவ்வளவு?

1853 நவம்பர் 28, இரவு பத்து மணி. எடின்பரோ நகரத்தில் அலெக்சாண்டர் வுட் என்ற டாக்டர், நரம்பு வலியால் தூக்கமில்லாமல் தவித்துக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாளைப் பார்க்கப் போகிறார். அவர் கையில் ஒரு சின்ன சிரிஞ்ச். லண்டனில் ஃபெர்குசன் என்பவர் செய்தது. பிறவியிலேயே தோலில் இருக்கும் ரத்த மச்சங்களுக்குள் இரும்புக் கரைசலைச் செலுத்துவதுதான் அந்தக் கருவிக்கு இருந்த வேலை. வுட் அதில் மார்பின் கரைசலை ஏற்றினார். தோள்பட்டைப் பக்கத்தில் வலி இருந்த இடமாகப் பார்த்துக் குத்தி இருபது சொட்டு செலுத்தினார். அந்தக் கரைசல் வழக்கமாகப் புழங்குவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வீரியம். பத்து நிமிடத்தில் அம்மாளுக்குத் தலை சுற்றியது, நினைவு குழம்பியது. அரைமணியில் வலி போய்விட்டது. நன்றாகத் தூங்கட்டும் என்று டாக்டரும் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு வந்து பார்த்தால் அம்மாள் எழுந்திருக்கவே இல்லை! மூச்சு கனமாக இழுத்துக்கொண்டிருந்தது. எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நல்லவேளையாகப் பிழைத்துக்கொண்டார், வலியும் திரும்ப வரவில்லை. வுட் 1855-இல் இதையெல்லாம் கட்டுரையாக எழுதினார். தோலுக்கடியில் ஊசி போடும் வைத்தியத்தின் ஆரம்பமாகப் பலரும் இதைத்தான் சொல்வார்கள்.

ஆனால் இங்கே பார்க்க வேண்டியது வேறொன்று. கையில் சிரிஞ்ச் இருந்தும் அவர் அளவு சொன்னது சொட்டுக் கணக்கில். இன்றைக்கு நாம் சிரிஞ்ச் என்றால் கோடு போட்ட குழாய் என்றுதான் நினைக்கிறோம். அந்தக் கோடுகள் சிரிஞ்சோடு கூடப் பிறந்தவை அல்ல, ரொம்பப் பிற்பாடு வந்து சேர்ந்தவை.

சிரிஞ்ச் என்ற சாமான் மிகப் பழையது. அலெக்சாண்ட்ரியாவைச் சேர்ந்த ஹீரோ கி.பி. முதல் நூற்றாண்டிலேயே பிஸ்டன் வைத்த குழாய் ஒன்றை விவரித்திருக்கிறார். அதன் கிரேக்கப் பெயருக்குச் சீழ் இழுப்பான் என்று அர்த்தம். புண்ணிலிருந்து சீழை உறிஞ்சுவதற்கு எதற்கு மில்லி கணக்கு? 1656-இல் ஆக்ஸ்ஃபோர்டில் கிறிஸ்டோபர் ரென் (பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய அதே ரென்தான்) வாத்து இறகின் தண்டை ஊசியாகவும் மிருகத்தின் பையை பிஸ்டனுக்குப் பதிலாகவும் வைத்து ஒரு நாயின் ரத்தக்குழாயில் அபினைச் செலுத்திப் பார்த்தார். பையை அமுக்கினால் போகும், அவ்வளவுதான். டப்ளினில் 1844-இல் ஃபிரான்சிஸ் ரிண்ட் முக நரம்பு வலிக்கு மார்பின் செலுத்தியபோதும் பிஸ்டன் கிடையாது. மருந்து தானாக இறங்கியது. ஹோலிப் பண்டிகைப் பீச்சாங்குழலில் அளவுக் கோடு போட்டிருக்கிறார்களா என்ன? பீச்சுவதற்கும் உறிஞ்சுவதற்கும் இருந்த கருவியை யாரும் அளவுகோலாக நினைக்கவில்லை.

அந்தக் காலத்தில் அளவு என்றால் சொட்டுதான். சொட்டோடு தொல்லையும் சேர்ந்தே வந்தது. தண்ணீர் சுமார் 20 சொட்டு சேர்ந்தால் 1 மி.லி. ஆகும். ஆல்கஹாலுக்கு மேற்பரப்பு இழுவிசை குறைவு, அதனால் சொட்டும் சிறிது. அதே 1 மி.லி.க்கு இரண்டு மடங்குக்கு மேல் சொட்டு வேண்டும். பழைய காலத்து வீரியமான மருந்துகள் பெரும்பாலும் ஆல்கஹாலில் ஊறவைத்தவை. பாட்டிலின் வாய் தடிமனாக இருந்தால் ஒரு அளவு, மெல்லியதாக இருந்தால் ஒரு அளவு. கை நடுங்கினால் இன்னொரு அளவு! டாக்டர் ஒரே சீட்டைத்தான் எழுதிக் கொடுப்பார், இரண்டு கடையில் வாங்கினால் இரண்டு விதமாக வரும்.

இதைச் சரிசெய்ய 1809-இல் லண்டன் மருந்து நூலில் மினிம் என்று ஒரு அளவைக் கொண்டு வந்தார்கள். ஒரு திரவ அவுன்ஸை 480 பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மினிம். இன்றைய கணக்கில் ஏறக்குறைய 0.06 மி.லி. பெரிய வித்தியாசம் இல்லையே, அதுவும் ஒரு சொட்டு அளவுதானே என்று தோன்றலாம். அளவு கிட்டத்தட்ட ஒன்றுதான், அளக்கும் விதம்தான் வேறு. சொட்டை எண்ண வேண்டும். மினிமைக் கோடு போட்ட கண்ணாடியில் பார்த்து அளக்க வேண்டும். எந்தத் திரவமானாலும் கோடு மாறாது.

வுட் எடின்பரோவில் ஊசி குத்திய அதே 1853-இல் பிரான்சில் லியோன் நகரத்து சார்ல் காப்ரியேல் பிராவாஸ் ஒரு வெள்ளி சிரிஞ்ச் செய்ய வைத்தார். சுமார் 3 செ.மீ. நீளம். அவர் மார்பினுக்காகச் செய்யவில்லை. ரத்தக்குழாய் வீங்கிய இடத்தில் இரும்புக் குளோரைடு செலுத்தி ரத்தத்தை உறைய வைக்க முடியுமா என்று மிருகங்களில் சோதித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அதிகமாகப் போனால் உறையக் கூடாத இடமெல்லாம் உறைந்துவிடும். வெள்ளிக் குழாய்க்குள் எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து பார்க்கவும் முடியாது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழிதான் இந்தக் கதையிலேயே அழகான இடம். பிஸ்டனை அமுக்குவதற்குப் பதில் திருகாணியாகச் செய்துவிட்டார். ஒரு திருகுக்கு இவ்வளவு மருந்து என்று கணக்கு. கண்ணால் பார்க்க முடியாததை விரலால் எண்ணினார். ஒரு கருவிக்குள்ளேயே அளவைப் பூட்டி வைத்த யோசனை அது. பாவம், அதே வருடம் பிராவாஸ் இறந்துவிட்டார்.

வுட்டின் கண்ணாடி சிரிஞ்சுக்குப் பின்னால் அளவுக் கோடுகள் வந்து சேர்ந்தன. ஏன் என்று ஊகிப்பது கடினமில்லை. எழுந்திருக்காத அந்த அம்மாள்தான் காரணம் என்று சொல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் வாயில் விழுங்கும் மருந்து குடலில் மெதுவாக ஏறும், வாந்தி எடுத்துப் பாதியை வெளியே தள்ளவும் வழி உண்டு. ஊசியில் போனது போனதுதான். (வுட்டின் மனைவிதான் மார்பின் ஊசி அதிகமாகி இறந்த முதல் ஆள் என்று ஒரு கதை பல இடங்களில் உலவுகிறது. சுத்தப் புளுகு. அவர் கணவர் போன பிறகும் பத்து வருடம் உயிரோடு இருந்தார்.)

அடுத்த முன்னேற்றம் 1894-இல் பாரிஸில் வந்தது. லூயர் என்பவர் குழாய், பிஸ்டன் இரண்டையும் கண்ணாடியிலேயே செய்து காப்புரிமை வாங்கினார். அமெரிக்காவில் 1897-இல் தொடங்கிய பெக்டன் டிக்கின்சன் கம்பெனி அதற்கான உரிமையை மறுவருடமே வாங்கிக்கொண்டது. அதுவரை பிஸ்டனில் தோல் சுற்றியிருப்பார்கள். காய்ந்தால் சுருங்கும், ஒழுகும், கொதிக்க வைத்தால் கெட்டுப்போகும். கண்ணாடிக்கு அந்தப் பிரச்னை இல்லை. ஆனால் கண்ணாடிக்குள் கண்ணாடி ஒழுகாமல் ஓட வேண்டுமென்றால் இரண்டையும் ஜோடியாக வைத்து இழைக்க வேண்டும். அதனால் குழாயிலும் பிஸ்டனிலும் ஒரே நம்பரைப் பொறித்திருப்பார்கள். கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் ஜோடி மாறிவிட்டால் பிஸ்டன் சிக்கும், அல்லது பக்கவாட்டில் மருந்து கசியும். கசிந்தால் அளவு போச்சு. கம்பவுண்டர் கண்ணாடி சிரிஞ்சைக் கொதிக்க வைத்து எடுத்த காலத்தை வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

இப்படியாகக் கோடும் வந்தது, கசிவும் நின்றது. பிரச்னை தீர்ந்ததா? இல்லை! கோடு என்பது எவ்வளவு என்றுதான் சொல்லும். அந்தத் திரவம் எவ்வளவு வீரியம் என்று அதற்குத் தெரியாது. இந்த ஓட்டையில் உலகம் நன்றாக மாட்டிக்கொண்டது இன்சுலின் வந்த பிறகுதான்.

டொரன்டோவில் 1922 ஜனவரியில் முதல் முறையாக ஒரு சர்க்கரை நோயாளிச் சிறுவனுக்கு இன்சுலின் போட்டபோது அது கணையத்திலிருந்து எடுத்த அழுக்குச் சாறு மாதிரி. ஒரு தடவை எடுத்த சாறுக்கும் அடுத்த தடவை எடுத்ததற்கும் வீரியம் ஒத்துப்போகாது. இதை மில்லி கணக்கிலோ எடைக் கணக்கிலோ சொன்னால் அர்த்தமே இல்லை. அதனால் முயலை அளவுகோலாக்கினார்கள். 24 மணி நேரம் பட்டினி போட்ட முயலின் ரத்தச் சர்க்கரையைக் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறக்க எவ்வளவு சாறு வேண்டுமோ அதை வைத்து யூனிட் என்று ஒரு கணக்கு பிறந்தது. சொட்டு போய் மினிம், மினிம் போய் மில்லி என்று வந்த பாதையில் திடீரென்று திரவத்தின் பருமனுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் அளவு!

சிரிஞ்ச் பருமனைத்தான் அளக்கும். டாக்டர் யூனிட்டில்தான் எழுதுவார். இரண்டுக்கும் நடுவில் நோயாளி. இன்சுலின் சுத்தமாக ஆக ஆக ஒரு மி.லி.யில் 20 யூனிட், 40 யூனிட், 80 யூனிட் என்று வீரியமும் விதவிதமாக வந்தது. பிரிட்டனில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே இன்சுலின் சிரிஞ்சில் ஒரு மி.லி.க்கு 20 கோடுகள். 20 வீரிய இன்சுலின் என்றால் ஒரு கோடு ஒரு யூனிட். 40 என்றால் ஒரு கோடு இரண்டு யூனிட். 80 என்றால் நான்கு. தினமும் காலையில் தூக்கக் கலக்கத்தில், பார்வை மங்கிப்போன வயதானவர்கள் இந்த வகுத்தலைப் போட வேண்டும். "எனக்குப் பன்னிரண்டு" என்று ஒருவர் புது டாக்டரிடம் சொன்னால் பன்னிரண்டு கோடா, பன்னிரண்டு யூனிட்டா? தப்பாகப் புரிந்துகொண்டால் நான்கு மடங்கு வரை போகும். கூடினால் மயக்கம், குறைந்தால் சர்க்கரை எகிறும்.

இதற்கு ஒரே வழி எல்லாரும் ஒரே வீரியத்துக்கு மாறுவது. அமெரிக்காவில் 1973-இல் மி.லி.க்கு 100 யூனிட் வந்தது. பிரிட்டன் 1983-இல் மொத்தமாக அதற்கு மாறியது. புது சிரிஞ்சில் ஒரு மி.லி.க்கு 100 யூனிட் என்று கோடு, வகுத்தல் பெருக்கல் எதுவும் வேண்டாம்.

இந்தியா முழுதாக மாறவில்லை. இங்கே குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் 40, பேனாவில் வருவது 100. சிரிஞ்சும் இரண்டு விதம். சிவப்பு மூடி 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. மாற்றி எடுத்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். 40 வீரிய இன்சுலினை ஆரஞ்சு மூடி சிரிஞ்சில் 20 கோடு வரை இழுத்தால் உள்ளே வருவது 0.2 மி.லி., அதாவது 8 யூனிட்தான். தலைகீழாக 100 வீரிய இன்சுலினைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 வரை இழுத்தால் அரை மி.லி., 50 யூனிட்! கோட்டைப் பார்த்தவர் இரண்டு தடவையும் சரியாகத்தான் பார்த்தார். சர்க்கரை நோயாளி இல்லாத தெரு நம் ஊரில் இல்லை என்பதால் இந்த மூடி நிறம் எல்லாருக்கும் தெரிந்திருப்பது நல்லது.

1950-களில் சிரிஞ்ச் தூக்கி எறியும் பொருளானது. 1954-இல் போலியோ தடுப்பு மருந்தைப் பெரிய அளவில் சோதித்தபோது எறியக்கூடிய கண்ணாடி சிரிஞ்சுகள், 1956-இல் நியூசிலாந்தின் காலின் முர்டாக் காப்புரிமை வாங்கிய பிளாஸ்டிக் சிரிஞ்ச், 1961-இல் பெக்டன் டிக்கின்சனின் பிளாஸ்டிக் சிரிஞ்ச் என்று வரிசையாக வந்தன. ஜோடி நம்பர் காலம் முடிந்தது. ரப்பர் முனை வைத்த பிஸ்டன், குழாயில் மையால் அச்சடித்த கோடு. சர்வதேசத் தரப்படி பாதிக்கு மேல் நிரப்பி அளந்தால் 4 முதல் 5 சதவீதத்துக்கு மேல் பிசகக் கூடாது. சில ரூபாய்ச் சாமானுக்கு இது பிரமாதமான துல்லியம்தான்.

ஒரு விஷயம் மட்டும் மிச்சமிருந்தது. பிஸ்டனை முழுக்க அமுக்கினாலும் சிரிஞ்ச் மூக்கிலும் ஊசியிலும் கொஞ்சம் மருந்து தங்கிவிடும். இந்த வீண் இடத்தின் விலை என்ன என்பது 2020 டிசம்பரில் தெரிந்தது. ஃபைசர் கோவிட் தடுப்பூசிக் குப்பியில் 5 டோஸ் என்று எழுதியிருந்தது. ஒரு டோஸ் 0.3 மி.லி. கரைத்த பிறகு குப்பியில் 2 மி.லி.க்கு மேல் இருக்கும். வீண் இடம் குறைவான சிரிஞ்சால் எடுத்தால் ஆறாவது டோஸ் வருகிறது என்று மருந்தாளுநர்கள் கண்டுபிடித்தார்கள். ஆகா, சும்மா கிடைத்தது என்று எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். 2021 ஜனவரியில் லேபிளையே 6 டோஸ் என்று மாற்றினார்கள். ஒப்பந்தம் குப்பிக் கணக்கில் இல்லை, டோஸ் கணக்கில். ஆகவே அதே ஆர்டருக்குக் கம்பெனி குறைவான குப்பிகள் அனுப்பினால் போதும்! தகுந்த சிரிஞ்ச் இல்லாத ஆஸ்பத்திரிக்குத்தான் நஷ்டம். காமர்ஸ் படிப்பவர்கள் காஸ்டிங் பாடத்தில் நார்மல் லாஸ் என்று படிப்பது இதுதான், ஊசி முனையில் நடந்தது. :-)

பிளாஸ்டிக் சிரிஞ்ச் மலிவானதும் அது ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வந்தது. குழந்தைக்கு மருந்து புகட்ட, பிரிண்டரில் மை நிரப்ப... அந்த வரிசையில் கடைசியாகச் சேர்ந்த வேலைதான் வீட்டில் இ-லிக்விட் கலப்பது. சீனாவைச் சேர்ந்த ஹோன் லிக் என்ற மருந்தாளுநர் 2003 வாக்கில் உருவாக்கிய இ-சிகரெட் சில வருடங்களில் ஐரோப்பா, அமெரிக்கா போனது. அதற்குள் ஊற்றும் திரவம் விலை அதிகம் என்பதால் பலர் வீட்டிலேயே கலக்க ஆரம்பித்தார்கள். புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனை, நிக்கோட்டின் என நான்கே சரக்கு. நான்காவதுதான் பெரிய விவகாரம்.

நிக்கோட்டின் சாதாரணப் பொருள் இல்லை. 1828-இல் ஹைடல்பெர்க்கில் அதைப் பிரித்தெடுத்தார்கள். 1850-இல் பெல்ஜியத்தில் ஒரு பிரபு, புகையிலையிலிருந்து தானே எடுத்த நிக்கோட்டினால் மைத்துனனைக் கொன்று அடுத்த வருடம் தலையிழந்தார். 60 மி.கிராம் போதும் ஆளைக் கொல்ல என்று பாடநூல்கள் ரொம்ப காலம் சொல்லிவந்தன. அது 19-ஆம் நூற்றாண்டில் சிலர் தங்கள் மேலேயே செய்துகொண்ட நம்பத்தகாத சோதனைகளிலிருந்து வந்த எண், உண்மையில் அரை கிராமுக்கு மேல் வேண்டும் என்று கிராஸ் பல்கலைக்கழகத்தின் பெர்ண்ட் மேயர் 2014-இல் எழுதினார். அப்படியே வைத்துக்கொண்டாலும், வீட்டில் கலப்பவர்கள் வாங்கிய மூலக் கரைசலில் மி.லி.க்கு 100 மி.கிராம் இருந்தது. 10 மி.லி. என்றால் ஒரு கிராம். 2014 டிசம்பரில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு வயதுக் குழந்தை ஒன்று திரவ நிக்கோட்டினால் இறந்தது. குழந்தைகள் திறக்க முடியாத மூடி வேண்டும் என்று அமெரிக்கா 2016 ஜனவரியில் சட்டம் போட்டது.

கலப்பவர்களின் ஆரம்ப காலப் பழக்கம் என்ன தெரியுமா? சொட்டு! 20 சொட்டு ஒரு மில்லி என்ற அதே பழைய கணக்கு. கிளிசரின் தேன் மாதிரி ஒழுகும், கிளைக்கால் தண்ணீர் மாதிரி விழும். 1809-இல் லண்டன்காரர்கள் விட்டுவிட்ட வழி அது. அதிலிருந்து சிரிஞ்சுக்கு வந்தபோது மற்ற பழைய பிரச்னைகளும் கூடவே வந்தன. கெட்டியான கிளிசரினை அவசரமாக இழுத்தால் காற்றுக் குமிழி புகுந்து கோடு பொய் சொல்லும். 0.6 மி.லி.யைப் பத்து மி.லி. சிரிஞ்சில் அளந்தால் பிசகு பெரிதாகும், ஒரு மி.லி. சிரிஞ்ச்தான் சரி. எறிவதற்காகச் செய்த சிரிஞ்சைக் கழுவிக் கழுவிப் பயன்படுத்தினால் பிஸ்டன் சிக்கும், வாசனை எண்ணெயில் மைக்கோடு அழிந்துபோகும்.

இன்சுலினில் பார்த்த அதே ஓட்டை இங்கேயும் உண்டு. 100 மி.லி. கலவையில் மி.லி.க்கு 3 மி.கிராம் வேண்டும் என்றால் 100 வீரியக் கரைசலில் 3 மி.லி. போதும், 36 வீரியத்தில் 8.3 மி.லி. வேண்டும். பாங்க் பரீட்சைப் பால்-தண்ணீர் கணக்குதான். பாட்டிலைக் கவனிக்காமல் 100-ஐ 36 என்று நினைத்து 8.3 மி.லி. ஊற்றினால் கலவை கிட்டத்தட்ட மூன்று மடங்கு காரமாகிவிடும். சிரிஞ்ச் மேல் குற்றமே சொல்ல முடியாது. பிறகு பலர் சிரிஞ்சை விட்டுவிட்டு நகைக்கடைத் தராசு மாதிரி நுணுக்கமான தராசுக்கு மாறினார்கள். குமிழி, கழுவல் தொல்லை போனது. பதிலுக்கு ஒவ்வொரு திரவத்தின் அடர்த்தியும் தெரிந்திருக்க வேண்டும்: 10 மி.லி. கிளிசரின் 12.6 கிராம், அதே அளவு கிளைக்கால் 10.4 கிராம்தான்.

இந்தியாவில் 2019-இல் இ-சிகரெட் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாவற்றையும் சட்டம் தடைசெய்துவிட்டது. ஐரோப்பா வேறு வழியில் போனது. 2016 மே மாதத்திலிருந்து கடையில் விற்கும் நிக்கோட்டின் திரவம் மி.லி.க்கு 20 மி.கிராமுக்கு மேல் போகக் கூடாது, பாட்டில் 10 மி.லி.க்கு மேல் இருக்கக் கூடாது. நிக்கோட்டின் இல்லாத திரவத்துக்கு இந்த வரம்பு கிடையாது. வியாபாரிகள் இரண்டையும் கூட்டிப் பார்த்தார்கள். 60 மி.லி. பாட்டிலில் நிக்கோட்டின் இல்லாத திரவத்தை 50 மி.லி. மட்டும் நிரப்பி விற்றார்கள். பக்கத்திலேயே 18 மி.கிராம் வீரியத்தில் 10 மி.லி. குட்டி பாட்டில். குட்டியை முழுக்க பெரியதில் கவிழ்த்தால் 180 மி.கிராம், 60 மி.லி.யில், மி.லி.க்கு 3. குலுக்கினால் ஆயிற்று. சிரிஞ்சை எடுக்க வேண்டிய அவசியமே இல்லை.